வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு சட்டச் சுயஉதவி மையம்: தொடங்குவது முதல் நடத்துவது வரை

காசில்லாதவர் சிவில் வழக்கில் தோற்பதற்குப் பல நேரம் சட்டம் காரணமே இல்லை. பதில் மனு போடவில்லை, வாய்தா அன்று போகவில்லை, போனாலும் தப்பான கவுண்டரில் மதியம் வரை நின்றுவிட்டார், அவ்வளவுதான். அமெரிக்காவின் கடன் வசூல் வழக்குகளைப் பற்றிப் பியூ அறக்கட்டளை 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. புள்ளிவிவரம் கிடைத்த இடங்களில் அந்த வழக்குகளில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகவே முடிந்திருக்கின்றன. கேட்கும் தொகை சரிதானா, வழக்குப் போட்ட நிறுவனத்துக்கு அந்தக் கடனை வசூலிக்கும் உரிமை இருக்கிறதா, கடன் காலாவதி ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்பதற்கு எதிர்த்தரப்பில் ஆளே வராத தீர்ப்புகள் அவை.

சுயஉதவி மையம் என்றதும் நிறையப் பேர் விழிப்புணர்வு முகாம், துண்டுப் பிரசுரம், செயலி என்று கிளம்பிவிடுகிறார்கள். அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஒருவர் கைக்கு வந்த காகிதத்துக்கு, உரிய நாளுக்குள், உரிய இடத்தில், உரிய பதில் போய்ச்சேர வேண்டும். மையத்தின் வேலை இதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான், இதற்கு உதவாத எதையும் முதல் வருடத்தில் தொடாதீர்கள் என்பது என் கருத்து.

1. ஒரே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுங்கள்

குடும்ப வழக்கு, வாடகை, கடன், சம்பள பாக்கி, சான்றிதழ் திருத்தம் எல்லாம் பார்க்கப்படும் என்று பலகை மாட்டினால் சீக்கிரமே எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாமல் போய்விடும். ஒன்றை எடுங்கள். அது அடிக்கடி வருகிற சிக்கலாக, பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிற விஷயமாக இருக்க வேண்டும். படிவமோ மாதிரி மனுவோ ஏற்கெனவே இருந்தால் நல்லது. இன்னொன்றும் முக்கியம்: எங்கோ ஒரு பிழை நடந்தாலும் அதனால் யாரும் சிறைக்குப் போகக் கூடாது, பிள்ளையை இழக்கக் கூடாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசுக்குப் பதில், நிலுவைக் கூலி, சிறு தொகை உரிமைக் கோரிக்கை, ஆவணங்களில் பெயர் திருத்தம் போன்றவை இதற்குப் பொருந்தும். சொத்துப் பாகப்பிரிவினை பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு குடும்பமும் ஒரு தனிக் கதை.

அப்சால்வ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2016-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேலை, சாதாரணத் தனிநபர் திவால் மனு. அதிலும் சிக்கலான சொத்து வைத்திருப்பவர் வந்தால் வக்கீலிடம் போகச் சொல்லிவிடுகிறார்கள். இப்படிக் குறுகலாக வைத்துக்கொண்டதால்தான் ஒரே கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலவசமாக மனு தயாரித்துத் தர முடிந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால் பெரிய கருத்துக்கணிப்பெல்லாம் வேண்டாம். மனு வாங்கும் கவுண்டரில் இருக்கும் எழுத்தரிடம் போய், வக்கீல் இல்லாமல் வருகிறவர்கள் எந்த மனுவை அதிகமாகக் கொண்டுவருகிறார்கள், எதை அடிக்கடி திருப்பிக் கொடுக்கிறீர்கள், என்ன காரணம் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவுக்கு இந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. அவரை இப்போதே நட்பாக்கிக்கொள்வது பின்னால் ரொம்பவும் உதவும்.

2. காகிதம் போகும் பாதையை முழுதாக எழுதி வையுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த நாளில் தொடங்கி, தீர்ப்பு வந்து, பணமோ சான்றிதழோ உண்மையில் கைக்குக் கிடைக்கும் நாள் வரை ஒவ்வோர் அடியையும் எழுதுங்கள். சட்டப் புத்தகத்தில் இருப்பது ஒன்றாகவும் கவுண்டரில் நடப்பது வேறாகவும் இருக்கும், அதனால் புத்தகத்தைப் படித்த பிறகு நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் உண்மையான மனுதாரர் ஒருவரோடு, அவர் சம்மதத்தோடு, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூடவே போங்கள்.

ஒவ்வோர் அடியிலும் கேட்க வேண்டியவை: எந்தக் காகிதம், எத்தனை நகல், யார் கையெழுத்து, யாரிடம் சான்றொப்பம், எவ்வளவு கட்டணம், எந்த மேசை, என்ன நேரம். காலக்கெடுவை மட்டும் தனியாக உட்கார்ந்து துருவ வேண்டும். பதினைந்து நாள் என்று எழுதியிருந்தால் அது நோட்டீசில் போட்ட தேதியிலிருந்தா, கைக்குக் கிடைத்த தேதியிலிருந்தா? விடுமுறை நாள் கணக்கில் சேருமா? கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் என்ன ஆகும்? அன்றைக்குள் தபாலில் போட்டால் போதுமா, அலுவலகத்துக்குப் போய்ச்சேர வேண்டுமா? தேதி தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வழி இருக்கிறதா? இந்த ஐந்துக்கும் பதில் எழுத்தில் இல்லாமல் மையத்தைத் திறக்கக் கூடாது.

பெரும்பாலும் விட்டுப்போவது மூன்று விஷயங்கள். ஒன்று, வசதியில்லாதவர்களுக்கு நீதிமன்றக் கட்டண விலக்கு. பல நாடுகளில் இது இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதற்கே தனி மனு வேண்டும். இரண்டு, எதிர்த்தரப்புக்குச் சம்மனோ நகலோ சார்பு செய்வது, அதாவது முறைப்படி கையில் கொண்டுசேர்ப்பது: யார் கொடுக்கலாம், கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்பது தெரியாமல் அப்படியே நின்றுபோன வழக்குகள் ஏராளம். மூன்றாவது, தீர்ப்புக்குப் பிந்தைய வேலை. ஜெயித்துவிட்டார், உத்தரவும் கையில் இருக்கிறது, எதிராளி பணம் கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று. அதைச் சொல்லாமல் ஒருவரை வழக்குக்குள் அனுப்புவது நியாயமே இல்லை.

3. சட்டத் தகவல், சட்ட ஆலோசனை: எல்லைக்கோட்டை எழுத்தில் போடுங்கள்

வக்கீல் அல்லாதவர் சட்ட ஆலோசனை சொல்வது பல நாடுகளில் குற்றம் அல்லது குறைந்தபட்சம் சிக்கல். இந்தப் பயத்தாலேயே நீதிமன்ற ஊழியர்கள் எதைக் கேட்டாலும் ‘நாங்கள் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது’ என்று கையை விரித்துவிடுவார்கள். ஜான் கிரேசன் என்ற அமெரிக்க நீதிமன்ற நிர்வாகி 1995-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைத் தெளிவாக வகுக்காமல் விட்டால் ஊழியர்கள் சொல்ல வேண்டியதையும் சொல்லாமல் விடுவார்கள் என்பது அவருடைய வாதம். அதன் பிறகு அங்கே பல மாநிலங்கள் இதற்கு எழுத்துபூர்வ விதிகள் கொண்டுவந்தன.

நடைமுறையில் நான் பரிந்துரைக்கும் சோதனை எளிது. இதே கேள்வியை எதிர்த்தரப்பு வந்து கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வீர்களா? ஆம் என்றால் அது தகவல். ‘பதில் மனுவுக்கு இந்தப் படிவம், இந்தத் தேதிக்குள், இந்த மூன்று காரணங்களைச் சட்டம் ஏற்கிறது’ என்பது தகவல். ‘உங்கள் விஷயத்தில் இரண்டாவது காரணத்தை எழுதுங்கள், அதுதான் எடுபடும்’ என்பது ஆலோசனை. இப்படி முப்பது, நாற்பது உண்மையான கேள்விகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் சொல்லக் கூடாத வாக்கியத்தையும் எழுதி, மேசையில் இருப்பவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கோடு எங்கே விழுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் இந்தத் தாளைக் காட்டாமல் நகராதீர்கள். சில இடங்களில் சட்டமே தாராளமாக இருக்கிறது. சியரா லியோனில் 2003-இல் தொடங்கிய டிமாப் ஃபார் ஜஸ்டிஸ் ஊருக்குள்ளேயே ஆட்களைப் பயிற்றுவித்து, வக்கீல்கள் பின்னணியில் நிற்க, சமூகச் சட்டப் பணியாளர்களாக நியமித்தது. அந்த நாட்டின் 2012 சட்ட உதவிச் சட்டம் அப்படிப்பட்ட பணியாளர்களுக்கு முறையான அங்கீகாரமே கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் 1970-இல் வந்த மெக்கன்சி வழக்குக்குப் பிறகு, வக்கீல் இல்லாதவர் பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், மெல்ல எடுத்துச் சொல்லலாம், ஆனால் பொதுவாக அவர் எழுந்து வாதாட முடியாது. உங்கள் இடத்தில் எது வரை அனுமதி என்று பார்த்து, அந்த எல்லையை முழுதாகப் பயன்படுத்துங்கள். பயந்து பாதியில் நிற்பதும் ஒரு தவறுதான்.

4. யாரைச் சுயஉதவிக்கு விடக் கூடாது

வருகிற எல்லோருக்கும் படிவம் கொடுத்து அனுப்புவது ஆபத்து. முதல் ஐந்து நிமிடத்தில் வடிகட்ட வேண்டும். வீட்டில் அடி உதை நடக்கிறதா, கைது அல்லது குற்ற வழக்கு இருக்கிறதா, பிள்ளையைப் பிரிக்கும் உத்தரவா, நாட்டைவிட்டு வெளியேற்றும் அபாயமா, சில நாட்களில் வீடு போகப்போகிறதா, காலக்கெடு இன்றோ நாளையோ முடிகிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் நேராக வக்கீலிடம் அல்லது அரசு சட்ட உதவிக்கு அனுப்புங்கள். வெறுமனே ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்புவது போதாது. அங்கேயே உட்காரவைத்து, நீங்களே அழைத்து, யாரை எப்போது பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டு அனுப்ப வேண்டும். எண்ணை வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் உண்மையில் அழைக்கிறார்கள் என்று ஒரு மாதம் விசாரித்துப் பாருங்கள், மனசு விட்டுப்போகும்.

ஒரே வழக்கின் இரண்டு தரப்பும் உங்களிடம் வந்தால்? தகவல் மட்டும் தரும் மையமாக இருந்தால் இருவருக்கும் உதவலாம். கலிஃபோர்னியா நீதிமன்றங்களின் சுயஉதவி மையங்கள் அப்படித்தான் இயங்குகின்றன: அங்கே வக்கீல்-கட்சிக்காரர் உறவு கிடையாது, அந்த உறவுக்குரிய ரகசியப் பாதுகாப்பும் கிடையாது. அதை வருபவரிடம் முதலிலேயே வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். பேசி முடித்த பிறகு சொல்வதில் பயனில்லை.

5. படிவத்தைக் கேள்விகளாக மாற்றுங்கள்

‘மனுதாரர் கோரும் பரிகாரம்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் பேனா நின்றுவிடும். ‘நீதிபதி உங்களுக்காக என்ன உத்தரவு போட வேண்டும்?’ என்று கேட்டால் பதில் தானாக வரும். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் இப்படி ஒரு பேச்சுக் கேள்வியாக மாற்றி, பதிலைக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று ஓர் உதாரணமும் கொடுங்கள். முதலில் காகிதத்திலேயே செய்யுங்கள். அது நன்றாக ஓடிய பிறகு கணினிக்கு மாற்றலாம். ஏ2ஜே ஆத்தர், டாக்அசெம்பிள் போன்ற கருவிகள் இதற்காகவே உருவானவை, டாக்அசெம்பிள் திறந்த மூல மென்பொருள். 2020-இல் பெருந்தொற்றால் நீதிமன்றக் கதவுகள் மூடியபோது பாஸ்டனின் சஃபோக் சட்டக் கல்லூரி, தன்னார்வலர்களைத் திரட்டி, மாசசூசெட்ஸ் நீதிமன்றப் படிவங்களைக் கைபேசியில் நிரப்பும் வடிவத்துக்கு இதை வைத்தே மாற்றியது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2016-இல் வழக்குகளை ஏற்கத் தொடங்கிய சிவில் தீர்வுத் தீர்ப்பாயத்தையும் பாருங்கள். வழக்குத் தொடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி-பதில் வழிகாட்டி இலவசமாக இருக்கிறது. உங்கள் நிலைமை என்ன, முதலில் எதிராளிக்குக் கடிதம் எழுதிப் பார்க்கலாமா, மாதிரிக் கடிதம் இதோ என்று கொண்டுபோகும். ஒரு நல்ல கடிதத்திலேயே முடிந்துபோகிற தகராறுகள் நிறைய இருப்பதால், வருபவருக்கு நீங்கள் கொடுக்கும் படிவம், விளக்கத்தாள் அடங்கிய பொதியிலும் மனுவுக்கு முன் கடிதம் கட்டாயம் இருக்கட்டும்.

தயாரித்ததைப் பரிசோதிக்கும்போது ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஐந்து பேரிடம் படிவத்தையும் பேனாவையும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எங்கே கண் திரும்பிப் போகிறது, எந்த இடத்தில் பெருமூச்சு, எதைத் தப்பாக எழுதுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கேள்விகளை ஒலிப்பதிவாகவும் வைக்கலாம், ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித்தர ஓர் ஆள் இருப்பதே சரியான வழி.

6. இடமும் ஆட்களும்

மக்கள் ஏற்கெனவே போகிற இடத்தில் வையுங்கள். நீதிமன்ற வளாகம், நூலகம், மருத்துவமனை, தொழிற்சங்க அலுவலகம் எதுவானாலும் சரி. தினக்கூலிக்குப் போகிறவர் பகல் பதினொரு மணிக்கு வர முடியாது, வந்தால் அன்றைய கூலி போச்சு. ஆகவே மாலை நேரமும் விடுமுறை நாளும்தான் உங்கள் முக்கிய வேலை நேரம்.

ஆட்களுக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை என்று சொன்னால் வக்கீல்கள் முறைப்பார்கள், ஆனால் சரித்திரம் அப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனின் சிட்டிசன்ஸ் அட்வைஸ் இரண்டாம் உலகப்போர் மூண்ட சில நாட்களிலேயே, 1939 செப்டம்பரில், தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கியது, இன்றும் அவர்கள் தோளில்தான் நிற்கிறது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் ஜஸ்டிஸ்கோர் திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் சுயஉதவி மையங்களில் உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவுகிறார்கள். நீங்கள் ஒரே சிக்கலை எடுத்திருப்பதால் பயிற்சியும் சிறிதாகிவிடும்: பாதை வரைபடம், சொல்லலாம்-சொல்லக் கூடாது தாள், வடிகட்டும் கேள்விகள், பத்து மாதிரி மனுக்கள். அதன் பிறகு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். பின்னால் கேள்வி கேட்க ஒரு வக்கீல் தொலைபேசியில் இருந்தாக வேண்டும், இதில் சமரசம் கூடாது.

செலவைக் குறைக்க நான் பார்த்ததில் மிக நல்ல வழி குழுவாக நடத்துவது. ஒரே படிவத்தோடு வந்த எட்டுப் பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, முன்னால் ஒருவர் கட்டம் கட்டமாக விளக்க, இரண்டு உதவியாளர்கள் சுற்றிவந்து பார்த்தால், தனித்தனியாக ஆகும் நேரத்தில் கால் பங்குகூட ஆகாது. சொந்த விவரங்களைச் சத்தமாகப் பேசவைக்காதீர்கள், அது மட்டும் கவனம்.

7. காசு

முடிந்தவரை இலவசம். கட்டணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நிலையான சிறு தொகை, சுவரில் எழுதப்பட்டது, ரசீதோடு. கிடைக்கிற பணத்தில் பங்கு கேட்கிற பேச்சே கூடாது, அங்கே போய்விட்டால் உங்களுக்கும் கோர்ட் வாசல் தரகருக்கும் வித்தியாசமில்லை. வக்கீல் தேவைப்படும் இடத்தில் முழு வழக்கையும் ஒப்படைக்காமல், ஒரு மனுவைச் சரிபார்க்க, ஒரு நாள் விசாரணைக்கு வர என்று பகுதி வேலைக்கு மட்டும் நிர்ணயித்த தொகையில் ஒப்புக்கொள்ளும் வக்கீல்களின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். இப்படிச் செய்ய உங்கள் வக்கீல் தொழில் விதிகள் இடம் கொடுக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கையை நம்பி நடத்தாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும், தனிப்பட்ட குடும்ப வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசு சட்ட உதவி நின்றுபோனது. வக்கீல் இல்லாமல் குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அரசு நிதி ஒரு வரியில் போய்விடும்.

8. செயற்கை நுண்ணறிவை எங்கே வைப்பது

வெளியே, தூரமாக என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அலுவலகத்தோடு சேர்ந்து 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. தொழில்முறை ஆட்களுக்கே கண்டுபிடிக்கத் தெரியாத பொய்யை, முதல் தடவை கோர்ட் படியேறுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், தன்னை ‘ரோபோ வக்கீல்’ என்று விளம்பரம் செய்த டூநாட்பே நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்து 1,93,000 டாலர் கட்டவைத்தது. பொதுமக்களிடம் சுதந்திரமாகப் பதில் சொல்லும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுக்காதீர்கள். கடினமான உரையை எளிமையாக்க, மொழிபெயர்ப்பின் முதல் வரைவுக்கு, வந்த கேள்வியை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்று பிரிக்கப் பயன்படுத்தலாம், ஒவ்வொன்றையும் ஓர் ஆள் படித்த பிறகே வெளியே போக வேண்டும். வருகிறவர்களின் பெயரையோ வழக்கு விவரத்தையோ அதில் உள்ளிடக் கூடாது.

9. ரகசியம்

தேவையானதை மட்டும் வாங்குங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பலர் வீட்டில் ஒரே கைபேசிதான். ‘உங்கள் ஜீவனாம்ச மனு நாளை விசாரணைக்கு வருகிறது’ என்று நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியைக் கணவர்தான் முதலில் படிப்பார். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், என்ன வார்த்தையில் செய்தி அனுப்பலாம் என்று உங்களிடம் உதவிக்கு வந்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

10. மனு போட்ட பிறகு

பெரும்பாலான மையங்கள் தங்கள் அறிக்கையில் இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை படிவம் கொடுத்தோம் என்று எழுதும். அது பயனில்லாத எண்ணிக்கை. மனு முதல் தடவையிலேயே ஏற்கப்பட்டதா, வாய்தாவுக்குப் போனாரா, உத்தரவு என்ன, பணம் கைக்கு வந்ததா என்ற நான்கையும் எண்ணுங்கள். முதல் மாதங்களில் எண்கள் கசப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை, எங்கே ஆட்கள் உதிர்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த இடத்தை அடைக்க முடியும்.

வாய்தாவுக்கு வராமல் போவதை அடைப்பது அப்படியொன்றும் கடினமில்லை. நியூயார்க் நகரில் சிறு குற்றங்களுக்கான சம்மன்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. சம்மன் தாளில் தேதியும் இடமும் முதலில் கண்ணில் படும்படி வடிவத்தை மாற்றியதிலேயே வராமல்போவது 13 சதவீதம் குறைந்தது. நினைவூட்டும் குறுஞ்செய்தி 21 சதவீதம் குறைத்தது. உங்களுக்கும் இதுவே போதும்: ஒரு வாரம் முன்பு ஒரு செய்தி, மூன்று நாள் முன்பு ஒன்று, முந்தைய நாள் மாலை ஓர் அழைப்பு. அதில் எந்த மாடி, எந்த அறை, எத்தனை மணி, என்னென்ன காகிதம் என்று இருக்கட்டும். முதல் தடவை போகிறவர்களைச் சும்மா ஒருநாள் கூட்டிப்போய் விசாரணை அறையின் பின் வரிசையில் உட்காரவைத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

11. தாள்களைப் புதுப்பிப்பது

விதிகள் மாறும், கட்டணம் மாறும், படிவ எண் மாறும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சரிபார்த்த தேதியும், அதற்குப் பொறுப்பானவரின் பதவியும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் படியில் சொன்ன அந்த எழுத்தரிடம் பொதியைக் கொண்டுபோய் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மாறியிருந்தால் புதியதை அச்சடிப்பதற்கு முன்னால் பழையதை எல்லா இடத்திலிருந்தும், நூலக அலமாரியிலிருந்தும் தன்னார்வலர்களின் பையிலிருந்தும்கூட, எடுத்துவிடுங்கள். இரண்டாவது சிக்கலைக் கையில் எடுப்பது, முதல் பொதி இப்படி இரண்டு புதுப்பித்தல்களைத் தாண்டி, கவுண்டரில் திருப்பி அனுப்பப்படும் மனுக்கள் அபூர்வமாகிவிட்ட பிறகு போதும்.